துடக்கு வீட்டுக்கு வோட்டு இல்லை

என் ஆசைக் குஞ்சியப்புவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வளவுக்குள் இருக்கிற சித்தப்பனுக்கு யாராவது முத்திரை ஒட்டுவார்களா? இப்போதும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தா, வழக்கம்போலப் பகிடியாக, சிரிக்கிறமாதிரி எழுது என்று கேட்டார்கள். குஞ்சியப்புவுக்கு எழுதுகிறேன், மற்றவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கப் பேனை தானாகவே போனது. வெட்டிவிட்டேன். உங்கள் நலத்தை யாரிடம் அறிவது? எங்கள் நலத்தைச் சொல்கிறேன். உங்களுக்குப் பதிலாக இப்போது நான்தான் கிணற்றுத் துலா மிதிக்கிறேன். கீழே நின்று அப்பு, உங்கள் அண்ணை, தண்ணீர்ப் பட்டை பிடிக்கிறார். நீங்கள் மேலே நின்று பாட்டுப் பாடுவீர்கள். நான் பாடுவதில்லை. மிளகாய்க் கன்றுகளுக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, குஞ்சியப்பு. சவம் எடுத்த அன்றும் வரவில்லை. கால் விறைத்தால் உதறி எழுப்பலாம். இது எங்கே விறைத்திருக்கிறது என்றே தெரியவில்லை, எதை உதறுவது? பகிடி மட்டும் வழக்கம்போல் வாயில் வருகிறது. கோழி கழுத்தறுத்த பிறகும் கொஞ்சத் தூரம் ஓடுமே, அதுமாதிரி.

சங்கத்து வோட்டு என்ன ஆனது என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த பாகத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டிப் பார்க்கிறவர்கள் கரவெட்டிக்காரராகவோ கொடிகாமத்துக்காரராகவோ இருக்கலாம், அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

யுத்தத்தால் பர்மா அரிசிக் கப்பல் நின்ற பிறகு எங்கள் ஊரில் அரிசி என்றால் கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து தருகிற அரிசிதான். “கூப்பன் எண்டு சும்மா பேர் வைக்கேல்லையடா, கையைக் கூப்பினால்தான் அரிசி” என்று சொன்னது நீங்கள். ஊர் முழுக்க அது என் பகிடி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. இதோ, எல்லோர் முன்னாலும் திருப்பித் தந்துவிட்டேன்.

அந்தக் கடையை நடத்துகிற சங்கத்துக்கு ஒவ்வொரு வருடமும் தலைவரைத் தெரிவு செய்வார்கள். பள்ளிக்கூடக் கொட்டகையின் மூலையில் சேலையால் ஒரு மறைப்புக் கட்டுவார்கள். மறைப்புக்குள் துளை விட்டு வாய் கட்டிய குடங்கள், போட்டியிடுகிற ஆளுக்கொன்று. வீட்டுக்கு ஒருவர் உள்ளே போய், விரும்பின குடத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வருவார். யாருடைய கொட்டை எந்தக் குடத்தில் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். புருசன் போட்டது பெண்சாதிக்கே தெரியாது என்று அம்மா இன்றைக்கும் குறைப்படுவாள்.

கதிரவேலர் தலைவரானது அந்தக் குடத்தாலேதான். அவருக்காக வீடு வீடாக நடந்தவரும் நீங்கள்தான். “கொழும்பு அரசாங்கக் கந்தோரிலை இருந்து இளைப்பாறின மனுசன், துரைமாரோடை நேரை நிண்டு கதைப்பார், அரிசி கொண்டுவருவார்” என்று படலைக்குப் படலை சொன்னீர்கள். கொண்டுவந்தார். பக்கத்து ஊர்க் கடைகள் பூட்டிக்கிடந்தபோது எங்கள் கடை திறந்திருந்தது. அதை மறைத்து எழுதினால் நீங்களே என் காதைத் திருகுவீர்கள்.

அந்த நாட்களில் அவருக்குப் பகிடியும் பிடித்திருந்தது. அவருடைய கடா ஆட்டின் கழுத்தில் பழைய மட்டையில் ஒரு கூப்பன் எழுதிக் கட்டி, வரிசையில் என் முன்னால் நிறுத்தினேனே, நினைவிருக்கிறதா? சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் ஆட்டின் தலையைத் தடவி, “ஓய், நீர் அங்கத்தவரோ?” என்று கேட்டார். எனக்கு ஒரு கைப்பிடி சீனிகூடத் தரச் சொன்னார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். அப்போது நல்ல மனுசனாகத்தான் இருந்தார் போல.

பிறகு எல்லாம் சின்னச் சின்னதாக வந்தது. ஒன்றுக்கும் சண்டை பிடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக.

பள்ளிக்கூடத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, என் வீட்டில் பெற்றோல்மாக்ஸ் விளக்கு எரிகிறது என்று கூட்டத்தைத் தன் முற்றத்துக்கு மாற்றினார். நல்லதுதானே? அடுத்த தெரிவு வந்தபோது குடங்களைக் காணவில்லை. “பலாலியிலை பிளேன் ஏறி இறங்குது, சனம் நிண்டு புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருக்குது. கையைத் தூக்குங்கோ, காரியம் முடிஞ்சுது” என்றார்.

நீங்கள் எழுந்து, “தலைவர், கையைத் தூக்கினால் கூடவே முகமும் தெரியுமே?” என்றீர்கள்.

“முகத்தை மறைக்க இஞ்சை ஆர் காணும் கள்ளர்?” என்று அவர் சிரித்தபடி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்று வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குக் கேள்வி இல்லாமல் போனது. பழைய செயலாளர் இளைப்பாறிவிட்டார் என்று அறிவித்தார்கள். அவர் இளைப்பாறியது அவருக்கே கடைக்குப் போன இடத்தில்தான் தெரியவந்தது. நீங்கள் கூட்டத்தில் வாய் திறந்த கிழமை எங்கள் அரிசியில் கல் கூடியது. “தலைவருக்கு எங்கடை பல்லிலை அக்கறை, உறுதியோ எண்டு பாக்கிறார்” என்று நீங்கள் சொல்ல, அம்மா சுளகைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அந்தத் தீர்மானம் வந்தது. யுத்தம் முடியும்வரை தெரிவு கிடையாது. கமிட்டியைத் தலைவரே நியமிப்பார். எல்லாம் தற்காலிகமாக. ‘தற்காலிகத்துக்குள்ளே கால் இருக்கிறது குஞ்சியப்பு, ஆனால் எழும்பி நடந்து போகிற கால் இல்லை’ என்று நான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கடை வாசலில் அப்பு கேட்டுப் பார்த்தார்.

“கொழும்பிலை அரசாங்க சபைக்கே தேர்தலைத் தள்ளிப் போட்டிருக்கினம், அண்ணை. உலகம் பத்தி எரியுது. நீங்கள் ஒரு கடைக்கு வோட்டுக் கேக்கிறியள்” என்றார் கதிரவேலர்.

பக்கத்தில் நின்ற நீங்கள், “உலகத்தைப் பத்த வைச்சவனும் முதல் வோட்டாலைதானே வந்தவன், தலைவர்? பேந்துதானே பெட்டியைப் பூட்டினவன்” என்றீர்கள்.

அவர் உங்களை வெகு நேரம் பார்த்தார். பிறகு, “தம்பிக்குப் பேப்பர் வாசிக்கிற பழக்கம் கூடிப்போச்சு” என்றார். அடுத்த நாள் கடைச் சுவரில் மாட்டியிருந்த பேப்பரைக் காணவில்லை.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. சங்கத்தின் விதியை மாற்றுவதென்றால் இரண்டு கூட்டம் சம்மதிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் எடுத்து, அடுத்ததில் உறுதிப்படுத்த வேண்டும். முதலாவதிலேயே விழுத்திவிடலாம் என்று நீங்கள் புறப்பட்டீர்கள். “அவரின்ரை முத்தத்திலை இருந்து, அவரின்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, அவருக்கு எதிராக ஆரடா கை தூக்குவான்? பிள்ளையார் கோயில் மண்டபத்திலை வைக்கட்டும். அங்கை ஒருத்தனும் பொய்க்குக் கை தூக்கான்” என்றீர்கள். ஊரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டீர்கள். அவர் உடனே சம்மதித்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, உங்களுக்கு இல்லை.

எங்கள் சொந்தக்காரப் பகுதிதான் ஊரில் பெரிய பகுதி. பெரியப்புமார், அவர்களுடைய கலியாணம் முடித்த பெடியன்கள், எல்லோரும் கை தூக்குவதாகச் சொல்லிவிட்டார்கள். மற்றப் பக்கத்திலும் கொஞ்சப் பேர் வேலியோரம் நின்று தலையாட்டினார்கள். போதும் என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்து உங்களுக்கு நெருப்புக் காய்ச்சல்.

ஆசுப்பத்திரியில் கடைசியாக என்னிடம் என்ன கேட்டீர்கள் தெரியுமா? “ஆர் ஆர் வருவினம்?” என்று கேட்டீர்கள். எல்லோரும் வருவினம் என்றேன். “பாத்தியே” என்பதுபோல ஒரு பார்வை பார்த்தீர்கள். அன்று பின்னேரம் போய்விட்டீர்கள்.

சங்கம் வேண்டும் என்று திரிந்த மனுசனுக்குச் சங்கு ஊதினார்கள். இதையும் பகிடியாகத்தான் நினைத்தேன். ஊதுகிறவனின் கன்னம் உப்பி உப்பி வற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைத்தது வாய்க்கு வரவில்லை.

இனிமேல் உங்களுக்குத் தெரியாத பாகம்.

உங்கள் சாவு எங்கள் பகுதி முழுவதற்கும் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழித்துக் கீரிமலையில் முழுகும்வரை எங்களில் ஒருவரும் கோயில் வாசலை மிதிக்க முடியாது. கூட்டமோ கோயில் மண்டபத்தில். உங்கள் சாம்பல் அள்ளிய காடாத்து முடிந்து வீட்டுக்கு வந்து அப்பு தோளில் கிடந்த துண்டைக் கொடியில் போட்டார். போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அப்போதுதான் அவருக்கு அது பட்டிருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கைகள் அத்தனையையும் உங்கள் சாவு கட்டிப்போட்டுவிட்டது.

எங்களுக்குச் சொந்தமில்லாத சண்முகம் மாஸ்டரை அப்பு தலைவரிடம் தூது அனுப்பினார். கூட்டத்தைத் தள்ளிப் போடட்டும், இல்லையென்றால் பழையபடி பள்ளிக்கூடத்துக்கு மாற்றட்டும் என்று. மாஸ்டர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் படலையிலேயே நின்று சொன்னார்:

“தள்ளிப் போடேலாதாம். அரசாங்கக் கச்சேரிக்கு மறுமொழி எழுத வேணுமாம்.”

“அப்ப பள்ளிக்கூடம்?” என்றார் அப்பு.

“அதையும் கேட்டனான். ‘கோயில் மண்டபம்தான் வேணும் எண்டு நிண்டது ஆர், மாஸ்டர்? செத்த மனுசன்ரை கடைசி ஆசையை நான் மாத்துறதோ?’ எண்டு கேக்கிறார். கண்ணும் கலங்கிப்போச்சு அவருக்கு.”

அம்மாதான் அடுப்படியில் இருந்து, “கலங்கின தண்ணியிலைதான் மீன் பிடிக்கிறது” என்றாள்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் இல்லையா? வரவில்லை. நன்றாக விளையாடிவிட்டார் என்று தோன்றியது, அவ்வளவுதான். இது சரியா, குஞ்சியப்பு?

கூட்டத்தன்று எங்கள் பகுதி ஆண்கள் எல்லோரும் கோயில் வெளிவீதிக்கு இப்பால், தெருவில், பூவரசங் கதியால் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே போகவும் முடியாது, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. மண்டபத்தில் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. முதலில் உங்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் உங்களைப் புகழ்ந்தார். நல்லாகத்தான் புகழ்ந்தார், குஞ்சியப்பு. ‘சங்கத்தின் தூண்’ என்றார். மாஸ்டர் எழுந்து, துடக்குக்காரர் வரும்வரை பொறுத்தால் என்ன என்று கேட்டார். கேள்வி எழுத்தில் வரவில்லை என்று உட்கார வைத்தார்கள்.

“எதிரானவை கையைத் தூக்குங்கோ” என்று கேட்டது.

நான் தெருவில் நின்றபடியே கையைத் தூக்கினேன். நான் அங்கத்தவனும் இல்லை, வயதும் வரவில்லை. தூக்கினால் என்ன செய்வார்கள் என்று பார்க்கத்தான் தூக்கினேன். அப்பு என் கையைப் பிடித்து இறக்கினார்.

“துடக்குக்காரன்ரை கை கோயில் பக்கம் நீளக் கூடாது” என்றார்.

“கை வோட்டுக்குத்தான் நீளுது அப்பு, பிள்ளையாருக்கு இல்லை.”

“கதைக்காதை.”

என் கையை அவர் விடவில்லை. கூட்டம் கலைந்து ஆட்கள் எங்களைத் தாண்டிப் போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாம். பொய்யில்லை. ஒரு மனம்தான் அங்கே இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது, நாங்களும் நினைக்கவில்லை. உறுதிப்படுத்துகிற கூட்டம் அந்தியேட்டிக்குப் பிறகுதான். அதற்குள் எங்களுக்குத் துடக்குக் கழிந்துவிடும். எங்கள் பகுதி உள்ளே போகலாம், கை தூக்கலாம், நீங்கள் போட்ட கணக்கு அப்போதும் சரிவரலாம். தலைவர் அந்தக் கூட்டத்தைத் தள்ளவுமில்லை, முன்னுக்கு இழுக்கவுமில்லை. நல்ல காலம் என்று பெரியப்புமார் பேசிக்கொண்டார்கள்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் ஒரு வண்டில் படலையில் வந்து நின்றது. அரிசி மூடைகள். கூப்பன் கேட்காமல், தலைவர் அனுப்பியது. ‘சங்கத்தின் தூணுக்குச் சங்கத்தின் கைங்கரியம்’ என்று வண்டில்காரன் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவித்தான்.

“திருப்பி அனுப்புங்கோ” என்றாள் அம்மா.

“சனத்துக்கு என்னத்தைப் போடுறது?” என்றார் அப்பு.

“பனங்கிழங்கு ஒடியலிலை கூழ் காய்ச்சுவம். மரவள்ளி அவிப்பம். யுத்த காலம் எண்டு சனத்துக்குத் தெரியாதோ?”

“என்ரை தம்பியின்ரை அந்தியேட்டிக்குச் சோறு போடேல்லை எண்டு நாளைக்குச் சொல்லுவினம்.”

“நாளையிண்டைக்குக் கை தூக்கேல்லை எண்டு சொல்லமாட்டினமோ?”

அப்பு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்குத்தான் தெரியுமே, உங்கள் அண்ணை யோசிக்கும்போது தாடையைச் சொறிவார். சொறியவில்லை. “அவனுக்கு நான் செய்யிற கடைசிச் சோறு” என்று மட்டும் சொன்னார். வண்டில்காரன் மூடையை இறக்கினான்.

மறுநாள் கீரிமலையில் உங்கள் சாம்பலைக் கடலில் கரைத்தோம். நான்தான் சாம்பல் இருந்த மண்முட்டியை அப்புவிடம் எடுத்துக் கொடுத்தேன். அலை வந்து கொண்டுபோனது. இவ்வளவு பகிடி விட்ட மனுசன் இவ்வளவு இலேசாக இருந்தாரா என்று நினைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்த கேணியில் முழுகினோம். துடக்குப் போனது.

வீட்டுக்கு வந்து ஊர் முழுக்க இருந்து சாப்பிட்டது. வெள்ளைச் சோறு. கல்லே இல்லை, குஞ்சியப்பு. நானும் தின்றேன். இரண்டாம் முறையும் போடச் சொன்னேன். அம்மா என் இலையில் போட்டாள். அவள் தின்னவில்லை.

அடுத்த நாள் கூட்டம். எங்கள் பகுதி முழுவதும் திருநீறு பூசி, வேட்டி கட்டி, வாசலால் உள்ளே போனது. பெடியன்களைத் தூணுக்கு அப்பால் நிற்க விட்டார்கள், எனக்கு எல்லாம் தெரிந்தது. தலைவர் தீர்மானத்தை வாசித்தார். ஆதரவான கைகள் எழுந்தன. எழுந்தவர்களின் முகங்களும் கூடவே தெரிந்தன.

“எதிரானவை?”

எங்கள் பகுதி நிலத்தைப் பார்த்தது. என் முன்னால் இருந்த மூத்த பெரியப்புவிடம் நான் குனிந்து, “பெரியப்பு, கை” என்றேன்.

“திண்ட கை இன்னும் காயேல்லையடா. எப்பிடித் தூக்கிறது?” என்றார் அவர். எரிச்சலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

போன முறை துடக்கு என்று சொல்லிக்கொண்டோம். இந்த முறை என்னவென்று சொல்வது?

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ஒருவரும் இல்லை” என்றார். புதிய செயலாளர் எழுதத் தொடங்கினார். அப்போதுதான் அப்பு கையைத் தூக்கினார். மெதுவாக, துலாவில் தண்ணீர்ப் பட்டை ஏறுவதுபோல ஏறியது அந்தக் கை.

“அண்ணை, எண்ணி முடிஞ்சுதே” என்றார் தலைவர். குரல் மிகவும் அன்பாக இருந்தது.

அப்பு கையை இறக்கவில்லை. பின்னால் யாரோ, “அரிசியும் வாங்கிப்போட்டுக் கையும் தூக்குறார்” என்றான். சிலர் சிரித்தார்கள். செயலாளர் ‘ஒருமனதாக’ என்று எழுதி மையை ஒற்றினார். சனம் எழுந்து, தூக்கின கையோடு இருந்த அப்புவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. கோயில் தூணைச் சுற்றிப் போவார்களே, அப்படி.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பு முன்னால் நடந்தார், நான் பின்னால். எங்கள் படலை தெரிகிற இடத்தில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “அரிசியை வாங்கினது பிழை. கையைத் தூக்கினது பிழையில்லை. இரண்டையும் ஒண்டாக்கிப் போடாதை.”

நான் ஓம் என்றேன். அவருக்கு ஆறுதலாக ஒரு பகிடியும் எனக்கு வரவில்லை.

இவ்வளவும்தான் நடந்தது. பிறகு ஊர் பழகிவிட்டது. அதுதான் எனக்கு விளங்கவில்லை, குஞ்சியப்பு. ஒருவரையும் பிடித்து அடைக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. காலையில் கோயில் மணி அடிக்கிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் போகிறது. வருடத்துக்கு ஒருநாள் வந்து போகிற ஒரு காரியம் இனி வராது, அவ்வளவுதான். அதற்காக மீதி நாட்கள் எல்லாம் ஏன் வேறுமாதிரி இருக்கின்றன? ஆட்கள் கடை வாசலில் ஏன் குரலைத் தணிக்கிறார்கள்? கதிரவேலர் கடைக்குள் சாய்மனைக் கதிரையில் இருக்கும்போது வயதில் மூத்தவர்கள்கூடத் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் பிடிக்கிறார்கள். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து வந்த முதல் அரிசி நாளில் எங்கள் முறை வந்ததும் அரிசி முடிந்துவிட்டது. மூடை பின்னால் தெரிந்தது. முடிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு ஒடியல் கூழ் காய்ச்சினோம். அம்மா இரண்டாம் முறையும் ஊற்றிக் குடித்தாள்.

அடுத்த அரிசி நாளில் நான் போனேன். அளக்கிற பெடியன் எங்கள் பையை வாங்கியபோது, என்ன நினைத்தேனோ தெரியாது, கதிரைப் பக்கம் திரும்பி உரத்துக் கேட்டேன்:

“தலைவர் ஐயா, எங்கடை சங்கத்துக்கு வோட்டு எப்ப?”

வரிசை சிரித்தது. தலைவரும் சிரித்தார். “உவன் துவங்கிவிட்டான். யுத்தம் முடியட்டுமடா தம்பி” என்றார். ஊருக்கு நான் பகிடிக்காரன், என் வாயில் வருவதெல்லாம் பகிடி. பெரியவர் ஒருவர் கேட்டிருந்தால் அந்த வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். எனக்கு அரை அளவாவது கிடைத்தது.

அதற்கடுத்த கிழமையும் கேட்டேன். அதே குரலில், அதே சொற்களில். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். தலைவர், “பழைய பகிடி” என்றார். “ஓம் ஐயா, பழசுதான். வருசா வருசம் வந்ததெல்லே” என்றேன். அந்தக் கொஞ்சப் பேரும் நிறுத்திவிட்டார்கள்.

போன கிழமை மறுபடி கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அளக்கிற பெடியன் படியை அரிசிக்குள் வைத்தபடி நின்றான். எனக்குப் பின்னால் அவ்வளவு நீள வரிசை, ஒரு இருமல்கூட இல்லை. தலைவர் கதிரையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இது பகிடி இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது, குஞ்சியப்பு. முழங்கால் நடுங்கியது. இத்தனை நாளில் என் உடம்பில் நான் உணர்ந்த முதல் காரியம் அந்த நடுக்கம்தான்.

பின்னால் யாரோ ஒரு பொம்பிளை, ஆர் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, “பெடியன் கேக்கிறான், மறுமொழியைச் சொல்லுங்கோவன்” என்றாள்.

தலைவர் கடையைப் பூட்டச் சொன்னார்.

நாளைக்கு மறுபடி அரிசி நாள். என்னை வரிசையில் விடமாட்டார்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். போகாதே என்று அப்பு சொல்லவில்லை. பையை மட்டும் எடுத்து வெளியே வைத்திருக்கிறார். வரிசையில் விடாவிட்டால் தெருவில் நின்று கேட்பேன். தெரு ஒருவருக்கும் துடக்கில்லை. தருகிறதைத் தரட்டும், தராவிட்டால் கூழ் இருக்கிறது. எனக்கு வயது வந்து, சங்கத்தில் உங்கள் இடத்துக்கு நான் அங்கத்தவனாகும் நாள்வரை வெளியே நின்று கேட்பேன், பிறகு உள்ளே நின்று கேட்பேன். யுத்தம் முடிந்ததென்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கும் போய்க் கேட்பேன். நம்புங்கோ, குஞ்சியப்பு, இதில் ஒரு சொல்லும் பகிடி இல்லை.

உங்கள் அண்ணையின் மூத்தவன்,
உங்கள் பெறாமகன்
இராசு